வெல்டாவின் காய்கறிகள்

வெல்டா ஹாஸ்கின்ஸின் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. நியூஹால் ஊரில் அவள் போகிற சர்ச்சில் அது பெரிய விசேஷம் இல்லை. அங்கே அப்படிப்பட்டவர்கள் பலர் உண்டு. ஆனால் அவள் சம்பளம் வாங்குகிற இடம் 'மரத்தூள்' தொடரின் படப்பிடிப்பு. அந்தத் தொடரில் வருகிறவர்களைப் போல இவ்வளவு அழகாகவும் இவ்வளவு அசிங்கமாகவும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறவர்கள் வேறெங்கும் கிடையாது.

நூறு வருஷத்துக்கு முந்திய மரம்வெட்டிகளின் முகாமைப் பற்றிய கதை அது. மாதக் கட்டணம் கட்டிப் பார்க்கிற கேபிள் சேனல் என்பதால் கத்தரி போட ஆள் இல்லை. முதலாளி, கூலியாள், சமையல்காரன், பாதிரியார் எல்லோருமே வேதாகம நடையில் ஆரம்பித்துச் சாக்கடையில் முடிப்பார்கள். சில வாக்கியங்கள் அரைப் பக்கம் ஓடும். எழுதுகிறவள் டோரா கெஸ்லர். தான் எழுதியதில் ஒரு 'உம்' விட்டுப்போனாலும் டோரா இன்னொரு டேக் கேட்பாள்.

"கெட்ட வார்த்தை சும்மா வந்து உட்காரக் கூடாது. அதுவும் மத்த வார்த்தை மாதிரி வேலை செய்யணும்" என்று புது நடிகர்களிடம் சொல்வாள்.

வசனம் எழுத்துப் பிசகாமல் வருகிறதா என்று பார்ப்பது வெல்டாவின் வேலை. நடிகர் பாதியில் மறந்து நின்றால் அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுக்க வேண்டியதும் அவள்தான். சிக்கல் அங்கேதான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே டோராவிடம் போய் அதைச் சொல்லிவிட்டாள்.

"கண்ணால படிப்பேன். தப்பா வந்தா திருத்துவேன். என் வாயால மட்டும் சொல்ல மாட்டேன், டோரா. ஞாயித்துக்கிழமை இதே வாயாலதான் பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லித் தர்றேன்."

"அப்ப எவனாவது மறந்துட்டு நின்னா? சைகை காட்டுவீங்களா?"

வெல்டா அதை முன்பே யோசித்து வைத்திருந்தாள். "காய்கறி பேரைச் சொல்றேன். அந்த இடத்துக்கு என்ன வார்த்தைன்னு அவங்க புரிஞ்சுக்கட்டும்."

டோரா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "சரி, பீட்ரூட்டுன்னா எது?"

வெல்டாவின் காது சிவந்தது. "அது ஒருத்தனோட அம்மாவை இழுக்கறது."

அப்படித்தான் முள்ளங்கியும் முட்டைக்கோஸும் டர்னிப்பும் 'மரத்தூள்' படப்பிடிப்புக்குள் வந்தன. கொஞ்ச நாளில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. லைட்காரர் ஒருவர் காலில் ஸ்டாண்டைப் போட்டுக்கொண்டபோது "ஐயோ, டர்னிப்பு" என்று கத்தினார். பார்க்க வந்திருந்த சேனல் ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

இந்தத் தொடரின் தூண் ஹோசியா கிராண்டல் என்கிற மர முதலாளி. அந்த வேஷத்தைக் கட்டியவர் ஆர்லோ வென்ட்லிங். எழுபதைத் தாண்டியவர், நெடிய உருவம், இரண்டு மீசையை எடுத்து ஒட்டிவைத்தது போன்ற புருவம். ஹோசியா வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவனின் ஏழு தலைமுறையும் கூனிக் குறுகும். ஆர்லோவோ சாப்பிட்ட தட்டைத் தானே கொண்டுபோய்ப் போடுகிறவர். வெல்டாவை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். அதில் கொஞ்சம் கேலியும் நிறைய மரியாதையும் இருந்தன. அவளுடைய கணவர் டெட் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆர்லோ ஹோசியாவின் தாடியைக்கூட எடுக்காமல் நேராக அங்கே போய், பேஸ்பால் ஆட்டச் செய்திகளை அவருக்குப் படித்துக் காட்டுவார். டெட்டுக்குக் கேட்கிறதா இல்லையா என்று நர்சுகளுக்கே தெரியவில்லை. டெட் போய்ச் சேர்கிறவரைக்கும் ஆர்லோ அதை நிறுத்தவில்லை.

அந்த ஆர்லோ மூன்றாம் சீசன் தொடங்கியதும் வரிகளை விட ஆரம்பித்தார். முதலில் ஒரு சொல், பிறகு ஒரு வாக்கியம். ஒருநாள் மதிய இடைவேளையில் வெல்டாவைத் தன் கேரவனுக்குக் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்து, சிஸ்டர்."

சாத்தினாள். மேஜைமேல் அன்றைய வசனத் தாள்கள் கிடந்தன. ஒவ்வொரு வரியின் கீழும் பென்சில் கோடு, அந்தக் கோட்டின் மேல் இன்னொரு கோடு.

"நேத்து முழுக்க உட்கார்ந்து படிச்சேன். காலையில எழுந்தா துடைச்சு வெச்ச சிலேட்டு மாதிரி இருக்கு" என்றார்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். மூணு வார்த்தையைச் சொன்னான். கொஞ்ச நேரம் வானிலை, மழைன்னு பேசிட்டு, இப்ப அந்த மூணையும் சொல்லுங்கன்னான். ஒண்ணுகூட வரலை. நானாவது பரவாயில்லை, அந்தப் பையன் முகத்தைப் பார்க்கணுமே. அழுதுடுவான் போல இருந்துது."

வெல்டா எதிரில் உட்கார்ந்தாள். "டோராகிட்ட சொல்லிடலாம், ஆர்லோ."

"சொன்னா ஆபீசுக்குப் போகும். இன்சூரன்ஸ்காரன் வருவான். ஹோசியாவை ஒரே வரியில முடிச்சுடுவாங்க. எவனாவது உள்ள வந்து, 'கிராண்டல் குதிரையிலேருந்து விழுந்துட்டாரு'ம்பான், அவ்வளவுதான்." தாளை ஒழுங்காக அடுக்கினார். "கடைசி எபிசோட்ல அந்தப் புதைக்கிற சீன் இருக்கு பாரு. அதை மட்டும் பேசிட்டு நானே வீட்டுக்குப் போயிடறேன். வேற எதுவும் கேக்கலை."

வெல்டா அன்று சாயந்திரம் ஒலிப்பதிவாளர் ரூபன் எஸ்கோபெடோவிடம் போனாள். காதுக்குள் வைக்கிற சின்னக் கருவி ஒன்று வேண்டும் என்றாள். அவர் யாருக்கு என்று கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து அவரைவிதை அளவில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"கேட்டா எனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா நாலு பேருக்குச் சொல்ல வேண்டி வரும். அதனால கேக்கலை" என்றார்.

அன்றிலிருந்து வெல்டா மானிட்டருக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, கையில் ஒரு சிறிய மைக்கை வைத்துக்கொண்டு, ஆர்லோவின் காதில் வசனம் சொன்னாள். அவர் மூச்சு இழுக்கிற நேரத்தில் அவள் ஒரு துண்டு சொல்வாள். மூச்சு விடும்போது அது ஹோசியாவின் குரலாக வெளியே வரும். அவள் முட்டைக்கோஸ் என்றால் அவர் வேண்டியதை வைத்துக்கொண்டு பேசிவிடுவார்.

"வாய்க்குள்ள ஒரு கடை போட்டிருக்கேன், சிஸ்டர். நீ காய்கறி கொடுக்கற, நான் சரக்கை மாத்திக் கொடுக்கறேன்" என்று கண்ணடித்தார்.

இந்த வருஷம் ஆர்லோ ரொம்ப நிதானமாகப் பேசுகிறார் என்று டோராகூட ஒருநாள் பாராட்டினாள். வெல்டா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெபத்தில் இதை ஆண்டவரிடம் மறைக்கவில்லை. ஒரு மனுஷன் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகட்டும், அதற்குப் பிறகு யார் என்னைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள்.

புதைக்கிற சீனுக்குரிய நாள் வந்தது. குன்றின்மேல் ஓக் மரத்தடியில் குழி வெட்டியிருந்தார்கள். கதைப்படி மார்கழிக் குளிர். உள்ளபடி பாலைவனத்திலிருந்து அனல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கம்பளிக் கோட்டுக்குள் எல்லோரும் அவிந்துகொண்டிருந்தார்கள். குழிக்குள் பெட்டியில் இருப்பது ஜூட் பார்லோ, ஹோசியாவின் தீராத எதிரி. புதைக்க வேறு யாரும் வராததால் ஹோசியா தானே வந்து, தொப்பியைக் கழற்றி, பிரார்த்தனை சொல்கிறான்.

"ஆக்‌ஷன்" என்றார்கள். வெல்டா மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"கர்த்தாவே, இதோ ஜூட் பார்லோ" என்றார் ஆர்லோ. மலைச்சரிவெங்கும் சத்தம் அடங்கியது. "என் ஆற்றை மறித்தவன். என் மரத்தைத் திருடினவன். என் விலாவில் ஒரு குண்டை விட்டுவைத்தவன். இவனைப்போல் ஒரு பீட்ரூட்டை இனி நீர் படைக்கவேண்டாம்."

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகு சிரிப்பு வெடித்தது. கேமராக்காரர் குலுங்கினார். லைட்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கிழவர் வேண்டுமென்றே குறும்பு செய்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆர்லோவும் சிரித்தார். வெல்டா மட்டும் மானிட்டரில் அவருடைய கண்ணைப் பார்த்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் சிரிக்கிற அளவுக்கு அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது டேக். இம்முறை வெல்டா 'பீட்ரூட்'டை இன்னும் தெளிவாக, அது எதற்குப் பதில் என்று தெரியும்படி அழுத்திச் சொன்னாள். ஆர்லோ அதைவிடத் தெளிவாக, கண்ணில் நீரோடு, "பீட்ரூட்டை" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. லைட்காரர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டோரா நாற்காலியை விட்டு எழுந்தாள். ஆர்லோவிடம் போகவில்லை. நேராக மானிட்டருக்குப் பின்னால் வெல்டாவிடம் வந்து குந்தி உட்கார்ந்தாள்.

"நான் எழுதினதுல பீட்ரூட் எங்க இருக்கு, வெல்டா?"

வெல்டா மடியில் இருந்த தாளைப் பார்த்தாள்.

"அது உங்க வார்த்தை. இந்த மலையில உங்க வாயிலேருந்து மட்டும்தான் அது வரும். அவர் காதுல பேசறது நீங்களா?"

"ஆமா."

"எவ்வளவு நாளா?"

"இந்த சீசன் ஆரம்பிச்சதுலேருந்து."

"குடிக்கிறாரா?"

"இல்லை. மறதி. டாக்டர் பார்த்துச் சொல்லிட்டாரு. இந்தச் சீனை முடிச்சுட்டுப் போயிடறேன்னாரு. அவருக்கு வேற ஆசை இல்லை."

டோரா கீழே பார்த்துக்கொண்டு மெதுவாக, நீளமாக, வெல்டாவின் தோட்டத்தில் விளைகிற அத்தனை காய்கறியையும் அவற்றின் நிஜக் கெட்ட வார்த்தைகளாகவே சொல்லித் தீர்த்தாள். அதில் கோபம் இல்லை.

"நான் ஆபீசுக்குச் சொல்லியாகணும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"நீங்க மறைப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லை."

"யாரும் கேக்கலை, டோரா. இப்பக் கேட்டீங்க, சொல்லிட்டேன்."

டோரா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். வெல்டாவின் மடியில் இருந்த தாளைத் தன் பக்கம் திருப்பி, அந்த ஒரு வார்த்தையைக் கோடு போட்டு அடித்தாள்.

"'இவனைப்போல் ஒருவனை இனி நீர் படைக்கவேண்டாம்.' இப்படி இருக்கட்டும். நீங்க சொல்றதை அப்படியே அவர் சொல்லட்டும். முடிச்சுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போவோம்."

வெல்டா அந்தக் கோட்டையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் டோரா ஒரு காற்புள்ளியைக்கூட யாருக்காகவும் நகர்த்தியதில்லை. இளம் நடிகன் ஒருவன் கெஞ்சிப் பார்த்தும் ஒரு 'ஆகையால்' கூட மாறவில்லை. இப்போது தன் கையாலேயே தன் வரியை அடித்திருக்கிறாள். ஒரு கிழவருக்காக, சர்ச்சுக்குப் போகிற ஒரு பெண்ணின் வாய்க்காக. 

ஆனாலும் அவள் தொழில் அவளை விடவில்லை. அந்த வரியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். இவனைப்போல் ஒருவனை. கடையில் விற்கிற இரங்கல் அட்டை மாதிரி அது வழவழவென்று வந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"சரியா இல்லை" என்றாள்.

"எது சரியா இல்லை?"

"'ஒருவனை'ன்னா யாரோ வழிப்போக்கன் செத்த மாதிரி இருக்கு. ஜூட் போனதுல ஹோசியாவுக்கு நெஞ்சே வெடிக்குது, டோரா. அதை நேராச் சொல்ல அவனுக்குத் தெரியாது. திட்டறது ஒண்ணுதான் தெரியும். அந்த வார்த்தையிலதான் அவன் அழறான். அதை எடுத்துட்டா அவனுக்கு அழ இடமே இல்லை."

டோரா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "இவ்வளவு காலம் காய்கறி வித்தவங்க பேசற பேச்சா இது?"

"விக்கும்போது தெரியலை."

குழி ஓரத்தில் ஆர்லோ கையை உயர்த்தினார். பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்பது போல உயர்த்தினார்.

"ரெண்டு பேரும் பேசறது எனக்குக் கேக்குது" என்றார்.

வெல்டா தன் கையைப் பார்த்தாள். மைக்கின் பொத்தானை அவள் அணைக்கவே இல்லை. மூட்டுவலிக்காரி அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது என்று ரூபன் அதை ஒரு தடவை அழுத்தினால் அணைக்கும்வரை ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுத்திருந்தார். டாக்டர் சொன்னது, ஆபீஸ், நெஞ்சு வெடிப்பது, எல்லாமே அவர் காதுக்குள் போயிருந்தது.

ஆர்லோ தொப்பியைக் கையில் பிடித்தபடி சரிவில் இறங்கி வந்தார். வழியில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.

"டோரா, அந்த வார்த்தையை எடுத்துடு. இல்லைன்னா ஆளையே எடுத்துடு. எதுவானாலும் சரி. சிஸ்டர் ஒரு நியமத்தோட இருக்கா. என் ஞாபகம் என் கையை விட்டுப் போச்சுன்னா அதுக்கு அவ ஏன் தன்னோடதை விடணும்?"

"ஆர்லோ..." என்று டோரா ஆரம்பித்தாள்.

"ஆபீசுக்கு நானே சொல்றேன். நாளைக்குப் போறேன். நீ சொன்னா உனக்கு ராத்தூக்கம் போயிடும், எனக்குத் தெரியும்."

"நானும் கூட வர்றேன்" என்றாள் டோரா. 

வெல்டா மைக்கைப் பார்த்தாள். பிறகு மேற்கே பார்த்தாள். குன்றின் நிழல் குழியை நெருங்கிக்கொண்டிருந்தது.

"போய் நில்லுங்க, ஆர்லோ. வெளிச்சம் போயிட்டிருக்கு."

"சிஸ்டர், நீ..."

"ஹோசியா கிராண்டல் என்ன சொல்லணுமோ அதைத்தான் சொல்வான். நான் கூடவே இருக்கேன். போங்க."

அவர் நகராமல் நின்றார். வெல்டாவுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "'கர்த்தாவே'ன்னுதானே ஆரம்பிக்குது? அவர்கிட்டதானே சொல்றோம். இந்த மலையில மூணு வருஷமா நடக்கறதையெல்லாம் அவர் கேட்டுட்டுத்தான் இருக்காரு. ஓடிப் போகலையே."

ஆர்லோ தொப்பியை நெஞ்சில் வைத்து லேசாகக் குனிந்தார். பிறகு மேலே நடந்தார். முதல் டேக்கில் உட்கார்ந்து சிரித்த லைட்காரர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, கேபிள் சுருள் தட்டாமல் குழி ஓரம் வரை கொண்டுவிட்டார். யாரோ ஒரு குவளைத் தண்ணீர் நீட்டினார்கள். யாரோ அவர் நெற்றி வியர்வையை ஒற்றினார்கள். டோரா தாளை வாங்கி, தான் போட்ட கோட்டை ரப்பரால் அழித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

வெல்டா கண்ணை மூடிக்கொண்டாள். தாளைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஆர்லோ மூச்சை இழுக்கிற சத்தம் ஹெட்போனில் கேட்டது.

"கர்த்தாவே" என்றாள் அவள்.

"கர்த்தாவே" என்றது குன்றின் மேலிருந்து அந்தப் பெரிய குரல்.

அவள் ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தாள். ஆறு வந்தது, மரம் வந்தது, விலாவில் குண்டு வந்தது. பிறகு அந்த வரி வந்தது. அவள் தாழ்ந்த குரலில், தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி, சொன்னாள்.

"இவனைப்போல் ஒரு வேசிமகனை இனி நீர் படைக்கவேண்டாம்."

நாக்கு சுடும் என்று நினைத்திருந்தாள். சுடவில்லை. அந்த வார்த்தையைக் கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு போய், அதற்காகக் காத்திருந்த ஒருவரின் கையில் கொடுத்துவிட்டு வந்தது போல்தான் இருந்தது.

மேலே ஆர்லோ அதை வாங்கிக்கொண்டார். உடனே சொல்லவில்லை. குழியைப் பார்த்தார். அவருடைய புருவங்கள் நடுங்கின. பிறகு சொன்னார்; திட்டாகவும் இல்லை, கொஞ்சலாகவும் இல்லை, இரண்டும் ஒன்றாகிப்போன ஒரு குரலில். காற்றில் ஓக் இலைகள் ஓடுகிற சத்தம்கூடப் பதிவாகியிருக்கும்.

"படைப்பீரானால் எனக்கு அருகே படையும்" என்று கொடுத்தாள் வெல்டா. அவள் கன்னம் நனைந்திருந்தது. "இந்தக் காட்டில் எனக்கு வேறு பேச்சுத்துணை இல்லை."

"படைப்பீரானால் எனக்கு அருகே படையும்" என்றார் ஆர்லோ. "இந்தக் காட்டில் எனக்கு வேறு பேச்சுத்துணை இல்லை."

தொப்பியைப் போட்டுக்கொண்டார். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டார்.

கட் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. கடைசியில் டோராதான் சொன்னாள், அதுவும் மெதுவாக. இன்னொரு டேக் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. யாரும் கை தட்டவுமில்லை. சர்ச்சில் ஜெபம் முடிந்தபின் கொஞ்ச நேரம் நாற்காலியை இழுக்காமல் இருப்பார்களே, அப்படி இருந்தார்கள்.

வெல்டா இந்தத் தடவை பொத்தானை அணைத்தாள். எழுந்து மேலே போனாள். ஆர்லோ காதிலிருந்து அந்தச் சின்ன விதையை எடுத்து, இது என்னவென்று யோசிக்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் கையோடு தன் கையைக் கோத்தாள்.

"சரியா வந்துதா, சிஸ்டர்?"

"ஒரு எழுத்து பிசகலை."

சரிவில் மெல்ல இறங்கினார்கள். கம்பளிக் கோட்டை ஒருவர் வந்து கழற்றிக்கொண்டு போனார். கேரவன்கள் வரிசையாக நின்ற இடத்தில் ஆர்லோ தயங்கினார். எது தன்னுடையது என்று தெரியாமல் தயங்குகிறார் என்று புரிந்து, வெல்டா ஒன்றும் சொல்லாமல் அவரை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"அடுத்து எந்த சீன்?" என்று கேட்டார்.

"இனிமே சீன் இல்லை, ஆர்லோ. சாப்பாடுதான். உங்களுக்குப் பிடிச்ச மாட்டுக்கறி ஸ்டூ வெச்சிருக்காங்க."

தலையாட்டினார். நாலடி நடந்தபின் மறுபடி நின்று குன்றைத் திரும்பிப் பார்த்தார். ஆட்கள் குழியைச் சுற்றிப் பலகைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க யாரைப் புதைச்சோம்?"

"ஜூட் பார்லோவை."

ஆர்லோவின் முகம் இளகியது. வெகுகாலம் பழகியவரைப் பற்றிக் கேள்விப்பட்டது போல மறுபடி குன்றைப் பார்த்தார்.

"நல்ல பய அவன்" என்றார்.

"ஆமா" என்றாள் வெல்டா. "ரொம்ப நல்லவன்."